மரத்தின் மேல் பந்தி

"ரம்பத்தை நிறுத்துங்க மாமா! மேல அது தின்னுக்கிட்டிருக்கு!"

கத்தியபடி வந்த ஹில்டாவைப் பார்த்ததும் டட்லி மோட்டார் ரம்பத்தை நிறுத்தினார். கூட வந்த மரம்வெட்டும் கம்பெனி ஆட்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். இலைதான் தெரிந்தது.

"எது தின்னுது?"

"மரப்பெருச்சாளி."

"அடப் போடி! பூனை பருமன் இருக்குமே, அதா? எங்கப்பன் காலத்துலயே சுட்டுத் தின்னு தீர்த்தாச்சு. ஹோனியாரா பட்டணத்துக்குப் போய் இதைத்தான் படிச்சியா?"

"நீங்க கையெழுத்துப் போட்ட கம்பெனிக் காகிதத்தை வாசிக்கிற அளவுக்குப் படிச்சேன். நம்ம இசபெல் தீவுல காடு அம்மா வழிச் சொத்து. கையெழுத்து மட்டும் ஆம்பளை வழியா?"

"வாயைப் பாரு!" பாக்கைத் துப்பிவிட்டு ரம்பத்தின் கயிற்றை இழுக்கப் போனார்.

டப்.

காலடியில் ஒரு ஙாலிக் கொட்டை, அந்தக் காட்டுப் பாதாம், விழுந்தது. ஓட்டில் பெருச்சாளி பல்லால் குடைந்தாற்போல் வட்டமாய் ஓட்டை. உள்ளே பருப்பு இல்லை. இன்னொன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

டட்லியின் முகம் வெளுத்தது.

"என்ன பெரியவரே?" என்றான் கம்பெனி ஆள் ஒருவன்.

"செத்துப்போன தாத்தனுங்க பெருச்சாளியோட பந்தியில உட்கார்ந்திருக்காங்கடா. பந்தி நடக்கிற மரத்துல கை வெச்சா, வெச்சவன் வீட்டுல அடுப்பு எரியாது. இந்த மரம் வேணாம். இந்தக் காடே வேணாம். நடங்க!"

மூவரும் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கினார்கள்.

காலடிச் சத்தம் அடங்கியதும் ஹில்டா வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் அக்காளும் நான்கு நாள் உட்கார்ந்து துளை போட்ட கொட்டைகள் அவை. விடியுமுன்பே மரமேறி ஒளிந்திருந்து போடவேண்டியது அக்காள் கணவர் வேலை. அக்காள் கணவரைப் பெயர் சொல்லவும் கூடாது, குரல் கொடுத்துக் கூப்பிடவும் கூடாது. ஊர் வழக்கம். அதனால் காலையிலிருந்து அவள் கூப்பிடவே இல்லை. அடிமரத்தில் மூன்று தட்டு தட்டினால் அவர் இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு.

கல்லால் தட்டினாள்.

மூன்று கொட்டைகள் விழுந்தன. ஆள் இறங்கவில்லை.

மறுபடி தட்டக் கையை ஓங்கியபோது, பின்னால் யாரோ இருமினார்கள்.

இடுப்புவரை நனைந்து, முறைப்படி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சிரைக்க நின்றார் அக்காள் கணவர்.

"படகு மோட்டார் கழுத்தறுத்துடுச்சு. துடுப்புப் போட்டே வர்றேன். நல்லவேளை, அவனுங்க இன்னும் வரல போல!"

துளை போட்ட கொட்டைகள் அத்தனையும் இருந்த பை, கட்டு அவிழாமல் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.