வாசலில் கிடக்கும் செருப்புகள்

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தார்கள். கடைசியில் படுக்கையறை மூலையில், செய்தித்தாள் விரித்து, ஜோடி ஜோடியாக எல்லாம் இருந்தன. தமயந்திதான் எடுத்து வைத்திருந்தாள். "இங்க யாரு வந்து எண்ணப் போறா? இனிமே நாமதான் ஓனரு" என்றார் கணவர் பரமசிவம். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். இத்தனை வருட வாடகை வீடுகளில், ஊரிலிருந்து யார் வந்தாலும் அவள் முதலில் செருப்பைத்தான் உள்ளே கொண்டுபோவாள். ஒரு ஜோடி கூடுதலாகக் கிடந்தாலும் ஹவுஸ் ஓனர் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். கேட்டால், "நாளைக்குக் காலையில கெளம்பிடுவாங்க" என்பாள். சாயங்காலம் கூட்டமெல்லாம் போன பிறகு வாசல் விளக்கைப் போட வெளியே வந்தாள். வீடு கைமாறுவதற்கு முன்பிருந்தே மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண், படிக்குக் கீழே குனிந்து இரண்டு கையாலும் செருப்புகளை அள்ளிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறி நிமிர்ந்தாள். "எங்க நாத்தனார் வந்திருக்காங்கக்கா. நாளைக்குக் காலையில கெளம்பிடுவாங்க." குழந்தைச் செருப்பு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. தமயந்தி அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இருந்துட்டுப் போகட்டும் என்றுதான் சொல்ல வந்தாள். "எத்தனை பேரு?" என்று கேட்டாள்.