முன் மேசை

"ஆறு மணிக்கு வரச் சொன்னா ஆறரைக்கா வர்றது, அங்கிள்? சீக்கிரம் வாங்க, அந்த முன் மேசையில உட்காருங்க."

லியோபோல்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரை யாரும் வரச் சொல்லவில்லை. பேசிய ஜெர்வேஸ் அந்த மீன் கடையின் புது மேனேஜர். முன்பின் பார்த்த முகமும் இல்லை. தாமதமாக வந்தால் திட்டுவதும் இப்போது கடை வழக்கமாகிவிட்டதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, மனைவி தெல்மாவோடு போய் உட்கார்ந்தார்.

கரீபியத் தீவான கிரெனடாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் மீன் தின்னாதவன் மனுஷனே இல்லை. அப்படித் தின்றுகொண்டிருந்த ஊர்தான். பெரிய பெரிய உல்லாசக் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் பதினைந்து டாலர் தட்டு எழுபது டாலரானது. ஊர்க்காரர்கள் வீட்டில் கோழிக்கழுத்தை வேகவைத்துக்கொண்டு, பொரித்த மீனின் வாசனையை மட்டும் இலவசமாக அனுபவித்தார்கள்.

இரண்டு வருஷமாக இந்தப் பக்கமே வராத லியோபோல்ட் இன்று வந்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி இன்றோடு முப்பத்தைந்து வருஷம். காதலித்த காலத்தில் தெல்மாவைக் கூட்டிவந்த இதே கடையில், சொந்தக் காசில் அவளுக்கு ஒரு தட்டு மீன் வாங்கித் தந்தே ஆகவேண்டும். அதற்காக ஓர் ஆட்டை விற்றிருந்தார்.

கேட்காமலே தட்டுகள் வந்தன. வறுத்த மீன், சுட்ட சீமைப்பலா, போதாததற்கு ஆளுக்கொரு சிங்கி இறால்.

லியோபோல்ட் சட்டைப்பையிலிருந்த ஆட்டுப் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இறால் சொல்லவில்லையே என்று ஜெர்வேஸிடம் இழுத்தார்.

"சாப்பிடுங்க அங்கிள். ஆனா மெதுவா. எட்டு மணி வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஜெர்வேஸ் போய்விட்டான்.

தெல்மா கண்ணைச் சுருக்கினாள்.

"உண்மையைச் சொல்லு லியோ. இவன் அம்மாவை உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்ப எதுக்கு உனக்குச் சிங்கி இறால் ஊட்டுறான்?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை.

ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்காரர்கள் இவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள், உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வேனும் அப்படியே. ஒரு பெண்மணி தெல்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். தெல்மாவும் ஆட்டினாள். சர்ச்சில் பார்த்தவளா, ஆஸ்பத்திரியில் பார்த்தவளா என்று யோசித்தும் பிடிபடவில்லை. ஏழரைக்கெல்லாம் கடை நிரம்பி வழிந்தது.

எட்டு மணிக்கு ஜெர்வேஸ் வந்தான். விலையைக் கேட்கவே பயந்த லியோபோல்ட், ஆடு விற்ற பணத்தை அப்படியே எடுத்து மேசைமேல் வைத்தார். அதே நேரத்தில் ஜெர்வேஸும் இரண்டு இருபது டாலர் நோட்டுகளை அங்கே வைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள்.

"நீங்க எதுக்கு அங்கிள் காசு குடுக்கறீங்க?"

"சாப்பிட்டதுக்குத்தான்."

ஜெர்வேஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். "அப்ப சமையல்காரர் கூலிக்குப் பேசி அனுப்பறேன்னு சொன்ன ஜோடி நீங்க இல்லையா? ஊர்க்காரங்க சாப்பிடற கடைன்னாத்தான் கப்பல்காரங்க உள்ள வர்றாங்க. ஊர்க்காரங்கதான் இப்ப யாருமே வர்றதில்லையே, அதான் முன் மேசைக்கு ஆள் வைக்கிறோம்."

லியோபோல்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாங்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், தெல்மா ஆட்டுப் பணத்தையும் கூலிப் பணத்தையும் சேர்த்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"அடுத்த வெள்ளிக்கும் ஆள் வேணுமா, தம்பி?"