பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கிற நர்ஸ்களுக்காக ஒரு கிறிஸ்தவக் கல்லூரி நடத்தும் ஆன்லைன் வகுப்பு அது. பல ஊர்களிலிருந்தும் சேர்ந்திருந்தார்கள். பாடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது.

"என் வார்டுல ஒரு வயசான அம்மா ரொம்ப முடியாம இருக்காங்க," என்றாள் இளைய நர்ஸ். "ஒரே மக. போன் போட்டா எடுக்கறதே இல்ல. அந்தம்மா வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கறாங்க."

"பெத்தவளை இப்படியா விடுவா? அவளும் ஒரு பொண்ணா?" என்று பொரிந்து தள்ளினாள், வகுப்பே 'ஜெப அக்கா' என்று கூப்பிடும் மூத்தவள். பிறகு கண்களை மூடி, "ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சக்காரியோட மனசை இளக்கும்" என்று உருகி ஜெபித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது, பாவம்.

மறுநாள் காலையில் அந்த அம்மா போய்விட்டாள். இளைய நர்ஸ் வார்டு போனிலிருந்து மகளின் எண்ணுக்கு மறுபடியும் போட்டாள். அதிசயமாக எடுத்துவிட்டார்கள்.

"உங்க அம்மா தவறிட்டாங்கம்மா."

மறுமுனையில் வந்த குரல் ஜெப அக்காவுடையது.

"பரீட்சை முடிஞ்சதும் வந்து பாக்கலாம்னு இருந்தேனே, சிஸ்டர்..."