கோணல் வீடு

போர்வையின் நடுவில் வைத்துத் தைக்க வந்த துணியில், அச்சடித்த வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தையற்காரிக்குத் தலை சுற்றியது. ஓரத்தை நேராக வைத்தால் வீடு சாய்ந்தது. வீட்டை நேராக வைத்தால் ஓரம் கோணியது.

"ஏங்க, அந்த மூலையைப் பிடிச்சு இழுங்க."

"நாய் வாலை நிமிர்த்துற கதையால்ல இருக்கு!" என்றபடி கணவன் இழுத்தான். தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, ஒருவழியாக வீட்டை நிமிர்த்தினார்கள்.

மாலையில் வந்த வாடிக்கைக்காரம்மா துணியைப் பார்த்துவிட்டு, "என் துணி எங்கம்மா?" என்றாள்.

"இதுதாங்கக்கா. கோணலா அச்சடிச்சிருந்தாங்க, நேராக்கிட்டேன்."

"அவங்க சரியாத்தாம்மா அச்சடிச்சாங்க. பக்கவாதம் வந்து எட்டு மாசம் கழிச்சு, எங்க வீட்டுக்காரர் வரைஞ்ச முதல் படம் அது."

தையற்காரி துணியை மறுபடி மேசையில் விரித்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. இந்தத் தடவை எதிர் மூலையைப் பிடிச்சு இழுக்கணும்."