பறவைத் தீவில் பெரட்டு

காற்று எப்போது எழும்பியது என்று முத்துவீரன் கங்காணிக்குச் சரியாக நினைவில்லை. மகள் தயானியும் மருமகன் ரமேஸும் நமுனுகுலவிலிருந்து அவரை இங்கினியாகலைக் குளத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். நடுவில் ஆளில்லாத தீவு, மரமெல்லாம் நீர்க்காகங்கள். பார்த்துவிட்டுத் திரும்பப் படகேறும்போது, தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் தொழிலாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கத்தில் மகளையும் மருமகனையும் பெயர் கூப்பிட்டார்.

"இங்கயும் பெரட்டாப்பா?" என்று தயானி சிரித்தாள்.

மூன்றாவதாக, "பவளக்கொடி" என்று வாயில் வந்துவிட்டது. தயானி சிரிப்பை நிறுத்தினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் பெரட்டுக்குப் பிந்தி வந்த மனைவி பவளக்கொடியை, "இன்னைக்குப் பேரு இல்ல" என்று அவர்தான் திருப்பி அனுப்பினார். வேலையில்லாமல் விறகுக்குப் போனவள் மண்சரிவில் செத்தாள்.

படகு நகர்ந்தபின், எழும்பிய காற்றோடு தீவிலிருந்து குரல் வந்தது.

"இருக்கேங்க!"

"திரும்பிப் பாக்காதீங்க மாமா," என்றான் ரமேஸ்.

"லேட்டானாலும் பேரு போடலாம். படகுக்காரரத் திருப்பச் சொல்லுங்க மாப்ள."

படகு திரும்பிப் போனபோது தீவுக் கரையில் யாருமில்லை. படகு மட்டும் ஒருபக்கம் சாய்ந்து, யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மெல்ல நிமிர்ந்தது.

தயானியும் ரமேஸும் இப்போது கொழும்பில் இருக்கிறார்கள். தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கம் வருவதில்லை. கங்காணி பெரட்டில் முதலில் பவளக்கொடியைத்தான் கூப்பிடுகிறார். அவள் ஒருநாளும் பிந்தியதில்லை.