அவளுக்காக உருட்டிய வண்டி

தேனி ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டை வழியாக விழும் வெயில், திறந்த பானெட்டுக்குள் எஞ்சின்மேல் கிடக்கிறது. மெக்கானிக் ஜஸ்டின், எஞ்சின் மூச்சுவிடும் ரப்பர் குழாயை அறுத்து நடுவில் சிறிய கறுப்பு டப்பாவை மாட்டுகிறான். எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போ வழியாகப் போய்க் கரியாகப் படியும் எண்ணெய்ப் புகையை இனி அது பிடித்து வைக்கும். வால்வுகளிலிருந்து அவன் சுரண்டியெடுத்த கரி தட்டில் ஈரமாக மின்னுகிறது. பின்சீட்டைக் கழுவிய மஞ்சள் தண்ணீரின் வாடை இன்னும் போகவில்லை. காரின் சொந்தக்காரர் சங்கிலி, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாம்பு கடித்த மனைவி பவுனுவை வருசநாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது, மயிலாடும்பாறை தாண்டி இந்த வண்டி இழுக்காமல் திணறி நின்றது. அங்கேயே அவள் போய்விட்டாள். “எப்படிப்பா இம்புட்டுக் கரி சேந்துச்சு? நான் மிதிச்சதே இல்லையே. வேகமாப் போனா அவளுக்குக் குமட்டும். கடைக்கும் தோப்புக்கும் உருட்டிக்கிட்டுத்தான் போவேன்.” ஜஸ்டினின் கை நிற்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் அப்படி உருட்டியதில்தான் கரி கட்டியிருக்கிறது. குழாயைப் பிடிக்கும், ஏற்கெனவே இறுகிவிட்ட கிளாம்பை மறுபடி திருகுகிறான். “பெட்ரோல் சரியில்லண்ணே,” என்கிறான் குனிந்தபடியே. சங்கிலி நம்பித் தலையாட்டுகிறார். பானெட் மூடுகிறது, எஞ்சின் திணறாமல் ஓடுகிறது. அவர் பட்டனை அழுத்தி, காலியாக இருக்கும் பக்கத்துச் சீட்டின் கண்ணாடியைக் காற்று வரும்படி பாதி இறக்கிவிடுகிறார். பிறகு வண்டியை மெதுவாக, குலுங்காமல், ரோட்டுக்கு உருட்டுகிறார்.