நலம் விசாரித்த காகம்

பல கம்பெனிகளின் மருந்துகளைச் சோதிக்கும் கூடத்தில், தினமும் ஊசி குத்தப்பட்டுவந்த வெள்ளெலியை ஒரு காகம் ஜன்னலுக்கு வந்து நலம் விசாரித்தது. விசாரிக்க ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று எலி உருகிப்போனது.

ஒருநாள், "பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோச்சு அண்ணே," என்றது எலி.

"நல்லவேளை சொன்னே. விஷயம் வெளியே தெரியறதுக்குள்ளே உன் மருந்துக் கம்பெனிப் பங்கையெல்லாம் வித்துடறேன்," என்று காகம் பறந்துவிட்டது.



மறுநாள் காகம், வேறு கம்பெனி மருந்து ஏறிய பக்கத்துக் கூண்டு எலியிடம், "உடம்பு எப்படி இருக்கு கண்ணு?" என்று குழைந்தது.

வெள்ளெலி முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கம்பியருகே வந்தது.

"வாயைத் திறக்காதே தம்பி. எனக்குக் கால் போச்சு. இவருக்குக் காலணா போகலை."